யுவி பிரிண்ட்: மேலே காய்ந்திருக்கிறது, அடியில்?

சாதா இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்துவிட்டு யுவி (புற ஊதா) விளக்கைக் காட்டினால் சீக்கிரம் காய்ந்துவிடுமா? புதுச்சேரியிலும் கடலூரிலும் புதிதாகப் பிரிண்டிங் கடை போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காயாது. சாதா இங்க்கில் பெரும்பகுதி தண்ணீர். அது ஆவியாக வேண்டும், இல்லை காகிதத்துக்குள் இறங்க வேண்டும். விளக்கின் சூட்டில் கொஞ்சம் வேகமாக உலரலாம், அதற்கு ஹேர் டிரையரே போதும். சாயம் கரைந்த ‘டை’ இங்க்காக இருந்தால் யுவி பட்டுப் பட்டு நிறம் வெளுப்பதுதான் மிச்சம்.

யுவி இங்க்கின் கதையே வேறு. அதில் ஆவியாகிப் போக ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அக்ரிலேட் வகை திரவம், நிறமி, ஒளி பட்டதும் வேலையைத் துவக்கும் ‘போட்டோஇனிஷியேட்டர்’ என்ற ரசாயனம், இவ்வளவுதான். ஒளி பட்டதும் இனிஷியேட்டர் உடைந்து, திரவ மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து, நொடிக்குள் பிளாஸ்டிக் படலமாக்கிவிடும். அதைத்தான் க்யூரிங் என்கிறோம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒளி சரியாகப் படாத இடத்தில் இருக்கும் இங்க் நாளைக்குக் காயும், நாளை மறுநாள் காயும் என்று எதிர்பார்க்க முடியாது. நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே திரவமாகக் கிடக்கும். மேலே தோல் கட்டியிருப்பதால் வாங்கிப் போகிறவருக்குத் தெரியாது.

எல்லா யுவியும் ஒன்றல்ல. இப்போது கடைகளில் இருக்கும், பொருளைத் தட்டையாக வைத்து அடிக்கும் பிளாட்பெட் மெஷின்களில் பெரும்பாலும் 395 நானோமீட்டர் எல்இடி இருக்கும். 365, 385, 405-லும் உண்டு. இங்க்கில் உள்ள இனிஷியேட்டர் எந்த அலைநீளத்தை உறிஞ்சுமோ அந்த விளக்குதான் அதற்குப் பொருந்தும். பழைய மெர்குரி லேம்ப் குறுகிய அலையிலிருந்து நீண்ட அலை வரை எல்லாவற்றையும் வீசும். குறுகிய அலை மேற்பரப்பை இறுக்கும், நீண்ட அலை அடிவரை போகும். எல்இடியில் அந்தக் குறுகிய அலை கிடையாது. அதனால் மெர்குரிக்கான இங்க்கை மலிவாகக் கிடைக்கிறதென்று எல்இடி மெஷினில் ஊற்றினால் மேலே பிசுபிசுப்பு நிற்கும். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் மேற்பரப்பில் இந்தக் கோர்வையைத் தடுப்பதுதான் காரணம். பியூட்டி பார்லரில் நகத்துக்குக் காட்டும் விளக்கைக் கொண்டும் சமாளிக்க முடியாது. அதன் திறன் சதுர சென்டிமீட்டருக்கு மில்லிவாட் கணக்கில்தான் இருக்கும், பிரிண்டர் லேம்ப் வாட் கணக்கில் தருவது.

அதிகம் ஏமாற்றுவது வெள்ளையும் கறுப்பும். ஒயிட் இங்க்கில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு 400 நானோமீட்டருக்குக் கீழே வரும் ஒளியைத் தானே விழுங்கிக்கொள்ளும். கறுப்பில் உள்ள கார்பனோ எதையும் விடாது. புதுச்சேரியில் எல்லாரும் கேட்கும் நீலப் பெயர்ப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். நீலம் அடியில் தெரியக்கூடாது என்று வெள்ளை எழுத்தை ஒரே பாஸில், அதாவது ஒரே ஓட்டத்தில், கெட்டியாகக் கொட்டினால் மேல்பகுதி இறுகி, அடிப்பகுதி திரவமாக நிற்கும். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: அதே செட்டிங்கில் ஒரு துண்டு கண்ணாடியிலோ டிரான்ஸ்பரன்ட் அக்ரிலிக்கிலோ அடித்து, திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். இறுகிய வெள்ளை மட்டமாக, மந்தமாகத் தெரியும். இறுகாத இடம் ஈரமாக மினுங்கும், சில சமயம் மேல்தோல் மட்டும் சுருங்கி வரிவரியாக நிற்கும். அப்போது இங்க் அளவைக் குறைத்து இரண்டு லேயராக அடிப்பதுதான் தீர்வு. லேம்ப் பவரை மட்டும் ஏற்றினால் மேல்தோல் இன்னும் கெட்டியாகும், அடிக்குப் போகும் ஒளி பெரிதாக அதிகரிக்காது.

விரலால் தொட்டுப் பார்ப்பது சோதனையே இல்லை. வெள்ளைப் பஞ்சை ஐபிஏவில் (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) நனைத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பத்து முறை தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறி, பிரிண்ட் மங்கினால் க்யூரிங் போதவில்லை. நிறம் ஏறாமல் படலமே செதிலாக உரிந்து வந்தால் க்யூரிங் சரி, ஒட்டுதல்தான் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல கடைகளில் நாள் கணக்கில் வேலை வீணாகிறது. ஒட்டுதலுக்குக் கட்டத்தில் கீறும் சோதனை உண்டு: கூர்மையான பிளேடால் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு நேராக, ஆறு கோடு குறுக்காக, டேப் ஒட்டிச் சட்டென்று இழுக்க வேண்டும். இதை 24 மணி நேரம் கழித்துச் செய்யுங்கள், அதுவரை ஒட்டுதல் கூடிக்கொண்டிருக்கும். கண்ணாடிக்கும் ஸ்டீலுக்கும் பிரைமர் (ஒட்டுதலுக்கான அடிப்பூச்சு) இல்லாமல் அடிக்காதீர்கள்.

நம் கடற்கரை ஈரம் க்யூரிங்கைக் கெடுக்கிறது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அக்ரிலேட் இங்க்கின் கோர்வையை ஈரப்பதம் பெரிதாகப் பாதிப்பதில்லை. கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியையோ மெட்டல் ஷீட்டையோ வெளிக்காற்றில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும், இங்க் அதன்மேல்தான் உட்காரும். இன்னொன்று, லேம்ப்பைக் குளிர்விக்கும் சில்லர். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 25 டிகிரி. சில்லரை 20-ல் வைத்தால் எல்இடி தகட்டிலேயே தண்ணீர் வியர்த்து நிற்கும். பனிநிலைக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே வையுங்கள். லேம்ப் கண்ணாடியில் இங்க் துகள் படிந்து பழுப்பாகியிருக்கிறதா என்று தினமும் மெஷின் ஓடுவதற்கு முன் பார்த்துத் துடைப்பது, புது லேம்ப் வாங்கும் செலவைத் தள்ளிப்போடும்.

இங்க்கைத் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொண்டதற்கு இங்க் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் ஒளி எங்கிருந்து திரும்புகிறது என்று பாருங்கள். கண்ணாடி, மிரர் அக்ரிலிக், பளபள ஸ்டீல் ஆகியவற்றில் பட்ட யுவி நேராக ஹெட்டின் நுண்துளையான நாசிலுக்கே திரும்பி, அதன் வாயிலேயே இங்க்கை இறுக்கிவிடும். அப்படி இறுகியதை எந்த க்ளீனரும் கரைக்காது. பொருளுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி 1.5 முதல் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வைத்து, சுற்றி இருக்கும் வெற்றுப் பரப்பை மந்தமான கறுப்புத் தாளால் மூடுங்கள். கிழக்குப் பார்த்த கடையென்றால் காலை வெயிலே போதும் ஹெட்டைக் கெடுக்க. ஜன்னலுக்கு யுவி தடுக்கும் மஞ்சள் பிலிம் ஒட்டுங்கள். மின்சாரம் போகும்போது ஹெட் நடுவழியில் திறந்து நிற்கும். அதை கேப்பிங் நிலைக்கு (நாசில்களை மூடி வைக்கும் இடத்துக்கு) கொண்டுவரும் அளவுக்காவது ஒரு யுபிஎஸ் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர் இது. மெஷின் நிற்கும் நாட்களில் ஒயிட் இங்க்கின் நிறமி அடியில் தங்கிவிடும், பாட்டிலைக் கையால் குலுக்காமல் ஓட்டாதீர்கள்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது மெஷினில் நிற்கும் பையன்களின் கை. இறுகாத அக்ரிலேட் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுளுக்கும் போகாது. பிறகு பல் அடைக்கும் ரெசினிலும், ஜெல் நெயில் பாலிஷிலும், சர்க்கரை அளக்கும் சென்சாரின் ஒட்டுப்பசையிலும் உள்ள அதே குடும்பத்து ரசாயனம் பட்டால்கூட அரிக்கும், கொப்புளிக்கும். ரப்பர் க்ளவுஸ் இதற்கு உதவாது. நைட்ரைல் போடுங்கள், மெல்லிய நைட்ரைலையும் சில நிமிடத்தில் ஊடுருவும் என்பதால் இங்க் பட்டவுடன் கழற்றிப் புதிது மாட்டுங்கள். கையில் பட்டால் தின்னரோ ஐபிஏவோ வேண்டாம், அது இங்க்கை இன்னும் உள்ளே இழுக்கும். சோப்பும் தண்ணீரும் போதும். கழுவாமல் வெயிலில் போகக்கூடாது. கண்ணுக்கும் ஒரு வார்த்தை: 395 எல்இடி ஊதாவாக மங்கலாகத்தான் தெரியும், அதனால் கண்மணி சுருங்காது, உள்ளே போகும் ஒளியோ அதிகம். நிறமில்லாத சாதாரண சேஃப்டி கண்ணாடி இந்த அலையை முழுதாகத் தடுக்காது. 395-க்கென்று குறிப்பிட்ட ஆரஞ்சு நிறக் கண்ணாடி வாங்குங்கள்.

கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு டம்ளர், தண்ணீர் பாட்டில் என்று ஆர்டர் வரும். உதடு படும் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டர் விட்டுத்தான் பிரிண்ட் துவங்க வேண்டும். உட்புறத்தில் எப்போதும் கூடாது. வெளியே அடித்ததை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இறுகாத இங்க் உட்புறத்துக்கு ஒட்டும். 2005-ல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்ற இனிஷியேட்டர் கண்டுபிடிக்கப்பட்டு லட்சக்கணக்கான பாக்கெட்டுகள் பறிமுதலானது இந்த வழியில்தான். அட்டையின் வெளியே அடித்த இங்க், ரோலாகச் சுற்றியபோது உட்புறத்துக்கு மாறியிருந்தது. டிபிஓ (TPO) என்ற இன்னொரு இனிஷியேட்டரை நகப்பூச்சில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை போட்டிருக்கிறது. ஒயிட் இங்க்கில் பரவலாக இருப்பதும் அதுதான், உங்கள் இங்க்கின் பாதுகாப்பு விவரத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நம் நாட்டில் 2018-ன் உணவுப் பேக்கேஜிங் விதிகளின்படி, பிரிண்ட் செய்த பக்கம் உணவை நேரடியாகத் தொடக்கூடாது, இங்க்கும் ஐஎஸ் 15495 தரத்தில் இருக்க வேண்டும். ஸ்வீட் பாக்ஸின் உள்தாளில் கடைப் பெயர் அடித்துத் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஹெட் துடைத்த துணி, வேஸ்ட் டாங்கின் இங்க் எதுவும் சாக்கடைக்கோ வாய்க்காலுக்கோ போகக்கூடாது. துணியைத் தட்டில் ஒற்றை மடிப்பாக விரித்து மொட்டை மாடி வெயிலில் வையுங்கள், சில மணி நேரத்தில் இரு பக்கமும் திருப்பி விறைப்பாக்கலாம். திரவ இங்க்கை ஒளி புகாத கேனில் மூடி, பெயர் எழுதி, அபாயகரக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.