துருவுக்கு முன்னாலா, பின்னாலா? பழைய துப்பாக்கியின் முத்திரையைப் படிப்பது எப்படி

அல்சூரில் இருக்கும் என் மாமா போன மாதம் ஓர் ஏலப் பட்டியலின் படங்களை வாட்ஸப்பில் அனுப்பி, "மாப்ளே, திப்பு சண்டையில ஓடின கம்பெனித் துப்பாக்கியாம், முத்திரையெல்லாம் இருக்கு, நீ பஞ்ச் அடிக்கிறவன்தானே, பாத்து சொல்லு" என்று கேட்டார். நான் பெங்களூர் பீன்யாவில் டூல் ரூமில், அதாவது அச்சும் கருவியும் செய்கிற பட்டறையில், வேலை பார்க்கிறவன். வரலாறு படித்தவன் இல்லை. ஆனால் இரும்பில் ஓர் எழுத்தை அடித்தால் அந்த இரும்புக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தினமும் கண்ணில் படுகிற விஷயம், பழைய துப்பாக்கியின் முத்திரை உண்மையா பொய்யா என்கிற கேள்வியில் பாதிக்கு மேல் அதுதான்.

ஏன் பொய் முத்திரை அடிக்கிறார்கள் என்று அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2015இல் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானோடு தொடர்புள்ள 30 பொருட்கள் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போயின. பெயர் தெரியாத ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கிக்கும் திப்புவின் அடையாளமான புலிக்கோடு போட்ட துப்பாக்கிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நடுவில் இருப்பது கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குறி.

சரி, பஞ்ச்சை, அதாவது முனையில் எழுத்து வெட்டிய எஃகுத் துண்டை, வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது என்ன நடக்கிறது? எழுத்து இருக்கிற இடத்து இரும்பு எங்கும் காணாமல் போவதில்லை, ஒதுங்குகிறது. கொஞ்சம் கீழே அமுங்கும், மீதி ஓரங்களில் மேலே பிதுங்கி எழுத்தைச் சுற்றி மெல்லிய வரப்பு மாதிரி நிற்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். பழைய பட்டறைகளில் குழலில் முத்திரை அடித்த பிறகுதான் கடைசி மெருகும் நிறமேற்றலும் நடக்கும் என்பதால் அந்த வரப்பு அப்போதே தேய்ந்து தளமட்டமாகிவிடும், பிறகு நூறு வருடக் கைபட்டு எழுத்தின் விளிம்பும் மழுங்கிவிடும். முடிந்து போன பழைய பரப்பில் பிற்பாடு ஒருவன் அடித்தால் வரப்பு அப்படியே நிற்கும். அதை மறைக்க ராவினால், சுற்றியுள்ள பழைய பழுப்பு நிறத்துக்கு நடுவே அந்த இடம் மட்டும் துடைத்து வைத்தது போலத் தெரியும்.

லாக் பிளேட்டில், அதாவது விசையைத் தாங்குகிற பக்கத் தகட்டில், கதை இன்னும் சுவாரசியம். அதில் பல குறிகள் உளியால் செதுக்கப்பட்டவை. செதுக்கி முடித்த பிறகுதான் தகட்டை எலும்புக்கரியோடு பெட்டியில் அடைத்து உலையில் வைத்துக் கேஸ் ஹார்டனிங் செய்வார்கள், மேல்தோல் அரம் வழுக்குகிற அளவுக்குக் கெட்டியாகிவிடும். அந்தத் தோலில் பின்னாளில் எவனாவது செதுக்கப் போனால் உளி சறுக்கும், கோடு நடுங்கும், வளைவுகள் துண்டு துண்டாக உடையும். இதைத் தவிர்க்கத் தகட்டைச் சூடாக்கி இளக்கினால், மேற்பரப்பின் பழைய நிறம் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை துருக்குழிகள். இரும்பு வருடக்கணக்கில் அரித்தால் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழும். உண்மையான பழைய எழுத்தாக இருந்தால், அந்தப் பள்ளம் எழுத்தைத் தின்றிருக்கும், கோடு பள்ளத்தின் விளிம்பு வரை வந்து அறுந்து போய் அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும். எழுத்து பிற்பாடு வந்ததாக இருந்தால், பஞ்ச் பள்ளத்தையே நசுக்கியிருக்கும், கோடு பள்ளத்துக்குள் இறங்கி ஏறிப் போகும், பள்ளத்தின் வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எது முதலில், எது பிறகு என்பதுதான் கேள்வி. இதற்குப் பத்து மடங்கு லென்ஸும் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த ஒரு டார்ச்சும் போதும். நேர் வெளிச்சத்தில் எடுத்த ஏலப் படத்தில் இதெல்லாம் தெரியாது, அதனால் சாய்வெளிச்சப் படம் கேட்டு வாங்குங்கள்.

ஆய்வகத்துக்குப் போனால் வேறு வழிகளும் உண்டு. அடிபட்ட இரும்பின் படிகங்கள் எழுத்துக்கு அடியிலும் கொஞ்ச ஆழம் வரை குலைந்திருக்கும், குலைந்த பகுதி அமிலத்தில் வேறு வேகத்தில் கரையும். தடயவியல்காரர்கள் ராவி அழித்த எண்களை அமிலக் கரைசல் வைத்து மறுபடி வரவழைப்பது இந்தக் குணத்தால்தான். புது முத்திரைக்கு அடியில் ராவப்பட்ட பழைய முத்திரையின் ஆவி ஒளிந்திருந்தால் அதுவும் இப்படி எழும்பலாம். பொருளைக் கெடுக்கிற சோதனை இது, வீட்டில் கை வைக்காதீர்கள். உலோகத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி பொருளைக் கெடுக்காது. 18ஆம் நூற்றாண்டுத் தேனிரும்பில் மாங்கனீசு பொதுவாக மிகக் குறைவு, 1856இல் பெஸ்ஸெமர் முறை வந்த பிறகு பெருகிய எஃகில் மாங்கனீசு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. 1790 என்று பொறித்த தகட்டில் அது அரை சதவீதம் காட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் எழுத்து என்ன சொல்கிறது என்று பாருங்கள். இன்றைய பாகிஸ்தானில் கைபர் பக்கம், தர்ரா ஆதம் கேல் போன்ற இடங்களில் கையாலேயே செய்த பிரிட்டிஷ் மாதிரித் துப்பாக்கிகளில் ஆங்கில என் எழுத்து திரும்பி நிற்கும், பிரிட்டிஷ் துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயரான என்ஃபீல்டு என்பதில் எழுத்துப்பிழை இருக்கும், 1901 ஜனவரியில் இறந்துபோன விக்டோரியா ராணியின் வி.ஆர். முத்திரைக்குக் கீழே அதற்குப் பிந்தைய வருடம் இருக்கும். திப்பு விஷயம் இன்னும் நுணுக்கம். அவர் 1787 வாக்கில் மவ்லூதி என்ற புது ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்து, எண்களை வலமிருந்து இடமாக எழுத வைத்தார். 1224ஆம் ஆண்டு நம் கண்ணுக்கு 4221 என்று தெரியும். இது தெரியாமல் வழக்கமான வரிசையில் பொறித்தவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். கேப், அதாவது அடிபட்டால் வெடிக்கிற மருந்து அடைத்த சின்ன உலோக மூடி, வைத்து வெடிக்கிற துப்பாக்கியில் திப்புவின் புலிக்கோடு இருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் அவர் இறந்தது 1799 மே 4, அடித்து வெடிக்க வைக்கிற அந்த முறைக்கு அதைக் கண்டுபிடித்த ஃபோர்சைத் காப்புரிமை வாங்கியதே 1807. ஆனால் அவசரப்படாதீர்கள், எத்தனையோ சக்கிமுக்கித் துப்பாக்கிகளைப் பின்னாளில் கேப்புக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றியதில் பழைய குறி மட்டும் நேர்மையாக மிஞ்சியிருக்கலாம். அப்போதும் குறிக்கும் துருவுக்கும் எது மூத்தது என்று பார்க்கத்தான் வேண்டும்.

மாமாவின் படத்துக்கு வருகிறேன். தகட்டில் நாலாகப் பிரித்த இதயம், உள்ளே வி.இ.ஐ.சி., அது கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய குறி. கீழே 1799. அதே தகட்டின் பின்பக்கம் கிரீடம் பிடித்து நிற்கும் சிங்கம். கம்பெனி அந்த இதயத்தை விட்டுவிட்டுச் சிங்கத்துக்கு மாறியது 1808 வாக்கில். இரண்டும் ஒரே தகட்டில் இருந்ததும் எனக்கு உறுத்தியது, ஆனாலும் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மனமில்லாமல் சாய்வெளிச்சப் படம் கேட்கச் சொன்னேன். நாலு நாள் கழித்து வந்தது. சிங்கத்தின் வாலைத் துருக்குழி தின்றிருந்தது, விளிம்பெல்லாம் மழுங்கி அழகாக இருந்தது. இதயத்தின் இடது ஓரக் கோடு மட்டும் ஒரு குழிக்குள் இறங்கி ஏறியது, 9இன் வளைவு மூன்று இடத்தில் உடைந்திருந்தது.

"மாமா, சிங்கம் நிஜம், இதயம் பிற்பாடு வந்தது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சிங்கத்துக்கு மட்டும் என்ன விலை கொடுக்கலாம்?" என்று கேட்டார்.