நானோதுகள்: டீசலில் ஒரு பெயர், புகையில் இன்னொரு பெயர்

நானோ என்றால் குள்ளன். கிரேக்கத்தில் 'நானோஸ்', அங்கிருந்து லத்தீனுக்குப் போய் 'நானுஸ்'. குள்ளமான ஆளைச் சொன்ன அந்தச் சொல்லின் வாலை நறுக்கிவிட்டு அளவுக்கு முன்னொட்டாக வைத்துக்கொண்டார்கள். 1960ல் எஸ்ஐ அலகு முறை வந்தபோது, நூறு கோடியில் ஒரு பங்கு என்ற பொருளில் அது நிலைபெற்றது. 'நானோ டெக்னாலஜி' என்ற தொடரை 1974ல் முதலில் எழுதியவர் ஜப்பானின் நோரியோ தனிகுச்சி. இன்றைக்கு 1 முதல் 100 நானோமீட்டர் வரை குறுக்களவு உள்ள துகளை நானோதுகள் என்கிறோம்.

நம்மிடமும் குள்ளனுக்கு ஒரு பழைய சொல் உண்டு: குறள். வாமனனைக் குறளுருவன் என்பார்கள், ஈரடி வெண்பாவுக்கும் அதே பெயர்தான். நேர் மொழிபெயர்ப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 'குறள்துகள்' என்று சொல்லலாம். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்பவர் திருக்குறள் ஏட்டில் தூசு படிந்துவிட்டதோ என்று நினைப்பார்.

நடைமுறையில் அடிபடுபவை மூன்று சொற்கள்: நுண்துகள், மீநுண்துகள், நானோதுகள். மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவதைப் பார்க்கிறேன். வேறு எங்காவது என்றால் விட்டுவிடலாம். டீசலில் கலக்கும் நானோதுகள்களைப் பற்றி எழுதும்போது மட்டும் அப்படி எழுதினால் பொருளே மாறிவிடும்.

முதலில் நுண்துகள். நுண்ணோக்கி, நுண்ணுயிரி, நுண்ணலை எல்லாவற்றிலும் 'நுண்' என்பது மைக்ரோவின் இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. காற்று மாசுச் செய்திகளில் பிஎம் 2.5ஐ நுண்துகள் என்றே எழுதுகிறார்கள். அந்தத் துகளின் குறுக்களவுக்கு மேல்வரம்பு 2.5 மைக்ரோமீட்டர், அதாவது 2,500 நானோமீட்டர். 10 நானோமீட்டர் துகள் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தால் அகலத்தில் 250 மடங்கு வித்தியாசம். அடர்த்தி ஒன்றேயானால், அந்த ஒற்றை நுண்துகளின் எடைக்கு ஈடு கட்ட இந்தக் குள்ளர்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது மலைக்கும் மடுவுக்கும் ஒரே பட்டா எழுதுவது போல.

அடுத்து மீநுண்துகள். 'மீ' என்றால் மேல், மிகை. மீயொலி, மீக்கணினி என்பதில் இருக்கும் அதே மீ. நுண்மையையும் தாண்டியது மீநுண். நல்ல சொல், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் இதை நானோவுக்குத் தருவதா, காற்று மாசுக்காரர்கள் 'அல்ட்ராஃபைன்' என்று சொல்லும் துகளுக்குத் தருவதா என்பதுதான் வழக்கு. அளவைப் பார்த்தால் தீர்ப்பு சொல்ல முடியாது, இரண்டுக்குமே மேல்வரம்பு 100 நானோமீட்டர்தான். வேறுபாடு பிறப்பில் இருக்கிறது. நானோதுகள் என்று பெரும்பாலும் சொல்வது ஒரு வேலைக்காக, அளவு பார்த்துத் திட்டமிட்டுச் செய்ததை. அல்ட்ராஃபைன் என்பது யாரும் கேட்காமலேயே எரிதலில் பிறந்து புகையோடு வருவது.

டீசலில் கலக்கும் சேர்பொருளில், அதாவது 'அடிட்டிவ்'வில், இந்த இரண்டு பிறப்பும் சந்தித்துக்கொள்கின்றன.

டீசலில் அதிகம் பேசப்படும் நானோதுகள், சீரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. ஒரு டன் டீசலுக்குச் சில கிராம் போதும். சூடான புகைக்கரியைத் தொட்டதும் தன்னிடமுள்ள ஆக்சிஜனில் கொஞ்சத்தை அதற்குக் கொடுக்கும், கரி எரியும். கொடுத்ததைச் சுற்றியுள்ள வாயுவிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த கரிக்குப் போகும். கடன் கொடுத்துக் கடன் வாங்கும் இந்தப் பிழைப்பைத்தான் வினையூக்கம் என்கிறோம். தானாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் கேட்கும் கரி, இதன் துணையோடு அதைவிடக் குறைந்த சூட்டிலேயே எரிந்துவிடும். 2000ல் வந்த பெஜோ 607 காரில் கரிவடிகட்டியைச் சுத்தம் செய்ய இதே சீரியத்தைத்தான் டீசலில் கலந்தார்கள். வடிகட்டி இருந்தால் சீரியத்தில் பெரும்பகுதி சாம்பலாக அதிலேயே தங்கும். வடிகட்டி இல்லாத பழைய எஞ்சின் என்றால் புகைக்குழாய் வழியே வெளியே வந்துவிடும்.

இடையில் ஒரு வேடிக்கை. சீரியம் 1803ல் கண்டறியப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வானில் தென்பட்ட சீரிஸ் என்ற சிறு வான்பொருளின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தச் சீரிசை 2006லிருந்து குறுங்கோள் என்ற வகையில் சேர்த்திருக்கிறார்கள். குள்ளக் கோளின் பெயர் கொண்ட தனிமம், குள்ளன் பெயர் கொண்ட அளவில்!

சரி, சொல்லுக்கு வருவோம். என் கணக்கு இதுதான்: தொட்டியில் ஊற்றும்போது அது நானோதுகள், புகைக்குழாயை விட்டு வரும்போது மீநுண்துகள். இடைவழியில் அது எரிகிறது, கரியோடு ஒட்டுகிறது, ஒன்றோடொன்று திரள்கிறது. உள்ளே போனது அப்படியே வெளியே வருவதில்லை, எனவே பெயரும் மாறட்டும். 'அடிட்டிவ்' என்பதற்குச் சேர்பொருள் போதும். சேர்மம் என்று எழுத வேண்டாம், வேதியியலில் அது காம்பவுண்டு.

இன்னொரு சிக்கல் 'மாடல்'. இந்தச் சேர்பொருளால் காற்று என்ன ஆகும் என்று கணினியில் கணக்கிடுவதை 'காற்று மாதிரி' என்று எழுதினால், குடுவையில் பிடித்துவந்த காற்று என்றும் ஆகிவிடும். சாம்பிளுக்கும் மாடலுக்கும் மாதிரி ஒன்றேயாக இருப்பதன் தொல்லை இது. மாடலுக்குப் 'போல்மம்' என்று சிலர் எழுதுகிறார்கள். முதலில் கரடுமுரடாகத் தோன்றும், நாலு முறை எழுதினால் பழகிவிடும்.

அப்படிப்பட்ட போல்மம் ஒன்று சிஎம்ஏக்யூ, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவாக்கியது. வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன புகை நுழைகிறது, காற்று எங்கே தள்ளுகிறது, என்ன வினை நடக்கிறது, எவ்வளவு தரையில் படிகிறது என்று கணக்குப் போடும். எல்லா டீசல் வண்டிகளும் எந்திரங்களும் சீரியம் கலந்த எரிபொருளில் ஓடினால் என்ன ஆகும் என்று, கிழக்கு அமெரிக்காவுக்கு ஒரு கோடைக்காலத்தையும் ஒரு குளிர்காலத்தையும் எடுத்து இதில் ஓட்டிப் பார்த்த ஆய்வு 2014ல் வந்தது. பிஎம் 2.5 சற்றுக் குறைகிறது, அதில் உள்ள கரி அதைவிட அதிகமாகவே குறைகிறது. கோடையில் ஓசோனும் மாறுகிறது. ஆனால் அமெரிக்கா முழுவதும் நுண்துகளாக வெளியேறும் சீரியம் 25 மடங்காகிறது. காற்றில் அது ஒரு கன மீட்டருக்கு 22 நானோகிராம் வரை போகலாம் என்கிறது கணக்கு.

இந்த இடத்தில் 'நானோ' என்பது துகளின் பருமனைச் சொல்லவில்லை, எடையைச் சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் 22 என்பது மிகச் சின்ன எண்ணாகத் தெரியும். அந்த 22 நானோகிராமும் 10 நானோமீட்டர் உருண்டைகளாகத் தனித்தனியே மிதந்தால், ஒரு கன மீட்டரில் அவை 500 கோடியைத் தாண்டும். கரியில் ஒட்டியும் திரண்டும் வருவதால் உண்மையில் அவ்வளவு இருக்காது. பிஎம் 2.5 அளவோ எண்ணிக்கையைச் சொல்வதே இல்லை, எடையை மட்டும்தான் சொல்கிறது.