66 வயது வருமுன் பிப் எடுத்துவிடுங்கள்: பிரித்தானியாவில் ஓய்வூதிய வயதும் இயலாமைக் கொடுப்பனவுகளும்

பிரித்தானியாவில் உடல் இயலாமைக்காகப் பெனிபிட் எடுக்கும் ஒருவர் ஓய்வூதிய வயதைத் தொட்டதும் சில கொடுப்பனவுகள் நின்றுவிடும், சில அப்படியே தொடரும், சிலவற்றை அதற்குப் பிறகு புதிதாகக் கேட்கவே முடியாது. எது எந்த வகை என்று தெரியாமல் காசை விட்டவர்கள் நிறையப் பேர். முழங்கால் தேய்ந்து, கடைக்குப் போய் வரவே கஷ்டப்படும் நிலையிலும் "பென்சன் வரட்டும், அப்ப சேர்த்துப் பார்ப்பம்" என்று இருப்பவர்கள்தான் அதில் அதிகம். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

முதலில் வயது. அரச ஓய்வூதிய வயது 66 ஆக இருந்தது. 2026 ஏப்ரலுக்கும் 2028 ஏப்ரலுக்கும் இடையில் அது படிப்படியாக 67 ஆகிறது. 1960 ஏப்ரல் 6ஆம் திகதி அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மாதம் மாதமாகக் கூடும். உதாரணமாக, 1960 ஜூன் 20 பிறந்த ஒருவருக்கு ஓய்வூதிய வயது 66 வருடமும் 3 மாதமும், அதாவது 2026 செப்டம்பர் 20. உங்களுடைய சரியான திகதியை அரசாங்க இணையதளத்தில் பிறந்த திகதியைப் போட்டுப் பார்த்துக் குறித்து வையுங்கள். இனிச் சொல்லப்போகும் எல்லாம் அந்த ஒரு திகதியைச் சுற்றித்தான்.

பிப் என்று நாம் சொல்லும் இயலாமைக் கொடுப்பனவில் (பேர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமெண்ட்) இரண்டு பகுதி. ஒன்று குளிப்பது, உடுப்பது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கு, மற்றது நடமாட்டத்துக்கு. 2025-26 கணக்குப்படி அன்றாடப் பகுதி கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண். நடமாட்டப் பகுதி 29.20 அல்லது 77.05 பவுண். (இந்தத் தொகைகள் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும்.) ஓய்வூதிய வயது வருமுன் பிப் எடுத்துவிட்டவருக்கு, நிபந்தனைகளுக்குப் பொருந்தும்வரை, வயது வந்த பிறகும் அது தொடரும். பென்சனோடு சேர்த்தே வாங்கலாம், அதற்கு வரியும் இல்லை.

ஆனால் அந்தத் திகதி தாண்டிய பிறகு முதல் தடவையாகப் பிப் கேட்க முடியாது. அப்போது உங்களுக்கு இருப்பது ஓய்வூதிய வயது தாண்டியவர்களுக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற கொடுப்பனவு மட்டும்தான். 2025-26 கணக்கில் அதன் தொகைகளும் 73.90, 110.40தான், அதைப் பார்த்து இரண்டும் ஒன்றுதானே என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அட்டெண்டன்ஸ் அலவன்ஸில் நடமாட்டப் பகுதி அறவே இல்லை. ஒருவர் எழுந்து நடக்கவே முடியாமல் போனாலும் அதற்கென்று ஒரு பென்னி வராது, கூடிய நடமாட்டத் தொகையைக் கொடுத்து எடுக்கும் மோட்டபிலிட்டி காரும் கிடையாது. கூடிய நடமாட்டத் தொகை கிழமைக்கு 77.05 என்றால் வருடத்துக்கு 4,000 பவுணுக்கு மேல். திகதிக்கு முதல்நாள் போன் எடுத்தவருக்கும் மறுநாள் எடுத்தவருக்கும் இவ்வளவு வித்தியாசம். பிப்புக்கு நீங்கள் முதலில் போன் எடுத்துப் பதிந்த நாள்தான் விண்ணப்ப நாள் என்பதால், படிவம் நிரப்ப நாளாகுமே என்று பயப்படாமல் முதலில் அழைப்பை எடுத்துவிடுங்கள்.

ஏற்கனவே பிப் எடுப்பவர்களுக்கும் இதில் ஒரு கதவு மூடுகிறது. நடமாட்டப் பகுதியில் 50 மீற்றர்வரை நடக்கக்கூடியவருக்குச் சாதாரணத் தொகை, 20 மீற்றருக்கு மேல் நடக்க முடியாதவருக்குக் கூடிய தொகை. 64 வயதில் தடியூன்றி 40 மீற்றர் நடந்த ஒருவர் சாதாரணத் தொகை எடுக்கிறார் என்று வையுங்கள். 65 வயதில் அது 15 மீற்றராகக் குறைந்துவிட்டது, ஆனால் அறிவிக்காமல் விட்டுவிட்டார். ஓய்வூதிய வயது தாண்டிய பிறகு ஏற்படும் மோசத்துக்காக நடமாட்டத் தொகையைக் கூட்ட மாட்டார்கள், புதிதாகச் சேர்க்கவும் மாட்டார்கள். அவர் பிந்தி அறிவித்தால் பிரச்சினை வருவது இதனால்தான். அன்றாடப் பகுதி அப்படியல்ல, அதை வயது தாண்டிய பிறகும் கூட்டிக் கேட்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: மாற்றத்தை அறிவித்தால் முழு விண்ணப்பத்தையும் திரும்பப் பார்ப்பார்கள், தொகை குறையவும் கூடும். ஓய்வூதிய வயதுக்காரருக்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு ஒருமுறை இலேசான பரிசீலனைதான் நடக்கும் என்பதால், கூட்டிக் கேட்குமுன் ஒரு நலன்புரி ஆலோசகரோடு பேசுவது நல்லது.

அப்புறம், பிப் எடுப்பவரிடம் "வயதாகிவிட்டது, இனி அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு மாறவேணும்" என்று யாராவது சொன்னால் மாற வேண்டாம். இரண்டையும் ஒன்றாக எடுக்க முடியாது, மாறினால் நடமாட்டப் பகுதிதான் போகும். ஏதாவது காரணத்தால் பிப் நின்றுபோனாலும், அதே நோய்க்காக ஒரு வருடத்துக்குள் திரும்பக் கேட்க வழியுண்டு. ஸ்கொட்லாந்தில் பெயர்கள் வேறு: பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசபிலிட்டி பேமெண்ட், அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்குப் பதிலாகப் பென்சன் ஏஜ் டிசபிலிட்டி பேமெண்ட்.

வேலை செய்ய முடியாததால் எடுக்கும் ஈ.எஸ்.ஏ.யும் யுனிவர்சல் கிரெடிட்டும் ஓய்வூதிய வயதோடு முடிந்துவிடும். அந்த இடத்துக்கு அரச ஓய்வூதியம் வரும், ஆனால் தானாக வராது. கடிதம் வரும், நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். யுனிவர்சல் கிரெடிட்டில் வீட்டு வாடகை வந்தவர்கள் கவுன்சிலிடம் ஹவுசிங் பெனிபிட்டுக்குத் தனியாகப் போட வேண்டும். இதை மறந்தால் வாடகை பாக்கி நிற்கும். இந்தப் பட்டியலில் உடனே வலிக்கக்கூடியது அதுதான். கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் வயது வந்திருந்தால் கணக்கு வேறு: 2019 மே 15க்குப் பிறகு பென்சன் கிரெடிட் (ஓய்வூதியரின் குறைந்த வருமானத்தை ஒரு வரம்புவரை நிரப்பிக் கொடுக்கும் கொடுப்பனவு) புதிதாகக் கேட்கப் பொதுவாக இருவருக்கும் வயது வந்திருக்க வேண்டும்.

பென்சன் கிரெடிட்டில் பலர் தவறவிடும் காசு ஒன்று உண்டு. முழுப் புதிய ஓய்வூதியம் 2025-26இல் கிழமைக்கு 230.25 பவுண். பென்சன் கிரெடிட்டின் தனியாள் வரம்பு 227.10. "வரம்புக்கு மேல் வருகுதே, எனக்கு இல்லை" என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் அல்லது பிப்பின் அன்றாடப் பகுதி எடுத்து, தனியாக வாழ்ந்து, உங்களைப் பார்ப்பதற்காக யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான கொடுப்பனவு) எடுக்காவிட்டால், அந்த வரம்போடு 82.90 கூடும். வரம்பு 310 பவுண் ஆகிறது. வேறு வருமானம் இல்லை, சேமிப்பும் 10,000 பவுணுக்குள் என்றால் 2025-26 கணக்குப்படி கிழமைக்கு 79.75 பவுண் கிடைக்கும். பிப், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் காசை வருமானமாகப் பார்க்க மாட்டார்கள். எங்கள் வீடுகளில் வளர்ந்த பிள்ளை கூட இருப்பது வழமை, அப்படி இருந்தால் இந்தச் சேர்க்கை பெரும்பாலும் கிடைக்காது. பிள்ளை வேறு வீட்டில் இருந்துகொண்டு அம்மாவுக்காகக் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்தாலும் அம்மாவின் 82.90 போய்விடும். போட முன்னம் இரண்டு பக்கமும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பென்சன் கிரெடிட்டை மூன்று மாதம் பின்தேதியிட்டும் கேட்கலாம்.

அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு அப்படிப் பின்தேதி இல்லை. 0800 731 0122 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் படிவம் கேட்டு, ஆறு கிழமைக்குள் நிரப்பி அனுப்பினால் போன் எடுத்த நாளிலிருந்து கணக்கு. ஆறு மாதமாக உதவி தேவைப்பட்டிருக்க வேண்டும். நோய் முற்றி, ஒரு வருடத்துக்கு மேல் இருக்கமாட்டார் என்று வைத்தியர் கருதுபவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. படிவத்தில் எங்கள் பெரியவர்கள் செய்யும் பிழை, "சமாளிக்கிறேன்" என்று எழுதுவது. மருமகள் முதுகு தேய்த்துவிடுகிறார், மகன் குளியல் தொட்டிக்குள் கைபிடித்து இறக்குகிறார், இரவில் இரண்டு தடவை எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறார்கள். இதையெல்லாம் வீட்டு விஷயம் என்று விடாமல், எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். உதவி கிடைக்காவிட்டாலும் தேவைப்பட்டால் போதும். பொதுவாகப் பகலிலும் இரவிலும் தேவைப்பட்டால்தான் கூடிய தொகை. பிப்பில் சமைக்க முடியாதது கணக்கில் வரும், இங்கே சமையலும் கடைக்குப் போவதும் வராது. உங்கள் உடம்புக்குச் செய்யும் உதவியையும், ஆபத்து வராமல் கூட இருந்து கவனிப்பதையும்தான் பார்ப்பார்கள்.

ஊரிலிருந்து ஸ்பொன்சரில் வந்த பெற்றோருக்கு ஐந்து வருடத்துக்கு இந்தக் கொடுப்பனவுகள் பொதுவாக இல்லை. வீசாவில் அரச நிதி இல்லை என்று இருந்தால் போடவே கூடாது, வீசாவுக்கே ஆபத்து. மற்றவர்கள் பிப்புக்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கும் பொதுவாகக் கடந்த 156 கிழமைகளில் 104 கிழமையாவது இங்கே இருந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போய் வரும்போது பிப்பும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸும் 13 கிழமைவரை தொடரும், வைத்தியத்துக்காகப் போனால் 26 கிழமை. பென்சன் கிரெடிட்டுக்குச் சாதாரணமாக 4 கிழமைதான், எனவே டிக்கெட் போடுமுன் அதைப் பார்த்து, போகும் திகதியையும் வரும் திகதியையும் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டுப் போங்கள்.