ஐடிஐ வாத்தியார் வேலைக்கு வேண்டிய ஒரு தாள்

திருநெல்வேலி பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வெல்டர் இருக்கிறார். அவர் போடுகிற பீட்டை, அதாவது பற்றவைத்த கோட்டைப் பார்த்தால் மெஷின் போட்ட மாதிரி இருக்கும். ஒரு தனியார் ஐடிஐயில் ஆறு வருஷம் பையன்களுக்கு வெல்டிங் சொல்லிக் கொடுத்தார். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் மட்டும் முந்தின நாளே, "அண்ணாச்சி, நாளைக்கு ஒரு நாள் வீட்டுல இருங்க" என்று சொல்லிவிடுவார்கள். ஏன் என்று அவர் கேட்டதில்லை. ஏழாவது வருஷம் நிற்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, அவர் பெயர் அங்கே எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நின்றுகொண்டு வேலையைக் காட்டியது இவர், காகிதத்தில் பாடம் நடத்தியது யாரோ ஒருவருடைய சான்றிதழ்.

அந்தச் சான்றிதழுக்குப் பெயர் தேசியக் கைவினைப் பயிற்றுநர் சான்றிதழ், சுருக்கமாக என்.சி.ஐ.சி. அதைத் தருகிற ஓராண்டுப் படிப்பைத்தான் எல்லோரும் சி.ஐ.டி.எஸ். என்கிறார்கள். மத்திய திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழுள்ள பயிற்சித் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.டி., நடத்துகிறது. தமிழ்நாட்டில் கிண்டியில் தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு, தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில். பெண்களுக்குத் திருவனந்தபுரத்தில் தனி நிறுவனம் உண்டு, நம் ஊருக்கு அதுதான் பக்கம், ஆனால் எல்லா டிரேடும், அதாவது எல்லாத் தொழிற்பிரிவும், அங்கே கிடையாது. சேர்க்கை அகில இந்திய அளவில், ஆன்லைனில். அறிமுகம் இது போதும்.

இனி தகுதி. இதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்லி அலைய விடுகிறார்கள். ஐடிஐயில் பயிற்றுநராக யார் இருக்கலாம் என்பது ஒவ்வொரு டிரேடின் பாடத்திட்டப் புத்தகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது, பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். ஃபிட்டரை எடுத்துக்கொண்டால், பொறியியல் பட்டம் என்றால் ஒரு வருஷ அனுபவம், டிப்ளமோ என்றால் இரண்டு வருஷம், அதே டிரேடில் ஐடிஐ முடித்த தேசியத் தொழிற்சான்றிதழ் என்றால் மூன்று வருஷம். இதோடு என்.சி.ஐ.சி. கட்டாயம். இன்னொரு வரியும் அதில் இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குப் படித்துக் காட்ட மாட்டார்கள்: இரண்டு பயிற்றுநர் உள்ள பிரிவில் ஒருவர் பட்டமோ டிப்ளமோவோ படித்தவர், மற்றவர் ஐடிஐ படித்தவராகத்தான் இருக்க வேண்டும். "நாங்க டிப்ளமோ ஆளத்தான் எடுக்கோம்" என்று சொல்லி அனுப்பினால் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். வேலை கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை, குறைந்தபட்சம் உங்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்ல முடியாது.

சி.ஐ.டி.எஸ். படிப்பில் சேர வருகிற முதல் பள்ளம் எட்டாம் வகுப்பு. வெல்டர், வயர்மேன், கார்பெண்டர், தையல் போன்ற டிரேடுகளில் எட்டாம் வகுப்பு முடித்தாலே ஐடிஐயில் சேர்த்துக்கொள்வார்கள், நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் அப்படிச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் ஐடிஐ சான்றிதழை வைத்து சி.ஐ.டி.எஸ்.சுக்குப் போனால் பத்தாம் வகுப்பைக் கேட்பார்கள். எட்டு முடித்து இரண்டு வருஷ டிரேடு படித்தவர் என்றால் தமிழ், ஆங்கிலம் என்ற மொழித்தாள்களை மட்டும் எழுதிப் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. வயர்மேனுக்கு இது பொருந்தும். வெல்டர் ஒரு வருஷ டிரேடு, பொருந்தாது. தனித்தேர்வராக முழுத் தேர்வையும் எழுத வேண்டும். அதிலும் ஒரு கொக்கி: அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து, அந்த வகுப்புகளுக்குப் போய் வந்தால்தான் பொதுத்தேர்வுக்கே விண்ணப்பிக்க முடியும். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஓடுபவர்கள் ஒரு வருஷத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

இரண்டாவது, பெயர். இது நம் ஆட்களைப் பிடித்த சாபம். அப்பா பெயர் சுடலைமுத்து என்று வையுங்கள். பள்ளிச் சான்றிதழில் தமிழில் "சு", ஆங்கிலத்தில் "எஸ்". ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், அல்லது இனிஷியலே இல்லாமல். ஐடிஐ சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக ஒட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் எழுத்துப் பிழையோடு. மனிதருக்கு இது ஒரே ஆள் என்று தெரியும், கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இதைத் திருத்தப் படித்த ஐடிஐக்குப் போனான், "இது மெட்ராஸ்ல பண்ண வேண்டியது தம்பி" என்றார்கள். சென்னையில் ஓர் அலுவலகத்தில் காலையிலிருந்து காத்திருந்தான், மதியம் மூன்று மணிக்கு, "உங்க பிரின்சிபால் வழியா வரணும், நேர்ல வாங்க மாட்டோம்" என்றார்கள். போன காசும் வந்த காசும் போச்சு. ஆகவே எங்கே போவதற்கு முன்னாலும் படித்த ஐடிஐயில் எழுத்து மூலமாக மனுக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து ஆதாரை மாற்றிக்கொள்வது பெரும்பாலும் சுலபம், மற்றதை எல்லாம் ஆதாருக்கு ஏற்ப மாற்றக் கிளம்பினால் ஆயுசு பத்தாது.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். வீட்டில் லேமினேட் போட்டு வைத்திருக்கும் பி.சி., எம்.பி.சி. அட்டை மாநில அரசுக்கானது. இது மத்திய அரசுச் சேர்க்கை, ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவையில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று நகர்ந்து வரும், நகராவிட்டால் நீங்கள் நகர்த்த வேண்டும். இங்கே நடக்கிற அநியாயம் என்னவென்றால், கிரீமி லேயருக்கான, அதாவது வசதியானவர்களை ஓ.பி.சி. ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவதற்கான, 8 லட்சம் ரூபாய் வரம்பைக் கணக்குப் போடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஒரு தாலுகா அலுவலகத்தில் அப்பாவின் மில் சம்பளம், சித்தப்பா பேரிலுள்ள வயல் எல்லாவற்றையும் கூட்டி, "உங்களுக்கு வராதுப்பா" என்று அனுப்பியதை நானே பார்த்தேன். விதியை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள், சண்டைக்கு இல்லை, அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். உங்கள் சமூகம் மாநிலப் பட்டியலில் இருந்தால் மத்தியப் பட்டியலிலும் இருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம், பட்டியலைத் திறந்து பெயரைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் அனுபவச் சான்றிதழ். பாளையங்கோட்டையில் ஒரு லேத் பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்திருப்பார், சம்பளம் சனிக்கிழமை சனிக்கிழமை கையில். முதலாளி நல்ல மனிதர்தான், லெட்டர்பேடில், "இவர் எங்களிடம் சில ஆண்டுகள் நல்ல முறையில் பணிபுரிந்தார்" என்று எழுதிக் கொடுத்திருப்பார். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன வேலை, எந்த மெஷின், பட்டறையின் பதிவு விவரம், கையெழுத்து, முத்திரை, இவ்வளவும் வேண்டும். இன்றைக்கு வேலையில் இருப்பவர்கள் இன்றைக்கே சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். முதலாளி முகம் சுளிப்பார். மூன்று வருஷம் கழித்து நீங்கள் சுளிப்பதைவிட அது பரவாயில்லை.

ஏற்கெனவே எங்கேயாவது பயிற்றுநராக வேலை பார்ப்பவர்களுக்கு ஆர்.பி.எல். என்றொரு வழி உண்டு, முன்பே கற்ற திறனை மதிப்பிட்டு அதே என்.சி.ஐ.சி.யைத் தருவது. ஒரு வருஷம் வேலையை விட்டுப் போக முடியாதவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் நீங்கள் அங்கே வேலை பார்த்ததாக நிறுவனம் எழுதித் தர வேண்டும், பேட்டை வெல்டர் மாட்டியது அங்கேதான். ஆறு வருஷமாக இல்லாத ஆளை இருந்தார் என்று அவர்கள் எப்படி எழுதுவார்கள்? ஆகவே சேருகிற அன்றே நியமன உத்தரவு கேளுங்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

இங்கே ஒரு குழப்பத்தை வைத்து ஊரில் சிலர் காசு பார்க்கிறார்கள். மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பி.எம்.கே.வி.ஒய். மாதிரியான குறுகிய காலப் பயிற்சி மையங்களில் சொல்லிக் கொடுக்க டி.ஓ.டி. என்ற பயிற்றுநர் பயிற்சியும் மதிப்பீடும் உண்டு, துறைவாரித் திறன் கவுன்சில்கள் சான்றிதழ் தருகின்றன. அது சில நாள் விஷயம், அந்த ஒரு வேலைப் பிரிவுக்கு மட்டும் செல்லும், எதுவரை செல்லும் என்பதைச் சான்றிதழிலேயே பாருங்கள். அது என்.சி.ஐ.சி. அல்ல, அதற்கு இணையும் அல்ல. "இரண்டும் ஒண்ணுதாம்ல, நாலு நாள்ல வாங்கித் தாரேன்" என்பவனிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், ஒரிஜினல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள். பயிற்சி மையம் உங்கள் ட்ரெய்னர் ஐடியையும் பாஸ்வேர்டையும் கேட்டாலும் இதே பதில்தான். நீங்கள் விலகிய பிறகும் உங்கள் பெயரில் பேட்ச் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த மையத்தில் போய் நிற்கும்போது தலைவலி உங்களுக்கு.

சரி, இத்தனையும் தாண்டிச் சேர்ந்துவிட்டீர்கள். உள்ளே என்ன? மொத்தம் 1,200 மணி நேரம். அதில் டிரேடு செய்முறை 480, டிரேடு பாடம் 270, கற்பிக்கும் முறையில் செய்முறை 270, பாடம் 180. செய்முறைகளில் 60 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி, எழுத்துத் தாளுக்கு 40, கருணை மதிப்பெண் கிடையாது. டிகிரி முடித்து வருகிற பிள்ளைகள் டிரேடு செய்முறையில் விழுகிறார்கள், அரத்தைப் பிடித்து ஒரு பரப்பைச் சமமாக ராவத் தெரியாது. பட்டறையிலிருந்து வருபவர்கள் கற்பிக்கும் செய்முறையில் திணறுகிறார்கள்: பாடக் குறிப்பு எழுதுவது, ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து வாயால் சொல்லிக்கொண்டே கையால் செய்து காட்டுவது, பையன் செய்ததற்கு எதற்கு எத்தனை மார்க் என்று பிரிப்பது. இருபது வருஷம் பழகின கை யோசிக்காமல் செய்யும், அதனாலேயே சொல்லத் தெரியாது. சேருவதற்கு முன் இரண்டு மாதம் வீட்டில் தம்பியையோ பக்கத்து வீட்டுப் பையனையோ உட்கார வைத்து, வெர்னியர் அளவுகோல் பார்ப்பது எப்படி என்று பத்து நிமிஷத்தில் சொல்லிப் பழகுங்கள். அவனுக்கு விளங்கவில்லை என்றால் அவன் மேல் எரிந்து விழாதீர்கள், எந்தப் படியை விட்டீர்கள் என்று பாருங்கள். டிரேடு செய்முறையில் குறையுள்ளவர்கள் அந்த இரண்டு மாதம் ஏதாவது பட்டறையில் சும்மாவாவது நின்று அரம் பிடியுங்கள். கிண்டியிலேயே இருக்கும் நிமி என்ற நிறுவனம் ஐடிஐ புத்தகங்களை வெளியிடுகிறது, பல டிரேடுகளுக்குத் தமிழிலும் உண்டு, அதிலிருந்து தொடங்குங்கள்.

பேட்டை அண்ணாச்சி இப்போது பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர். போன வருஷம் செய்முறை வகுப்புக்காக ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில், தன் மகன் வயசுப் பிள்ளைகளோடு நின்று சோதனைக் குழாயைப் பிடித்தார். நாலு பாடம் பாஸ். கணக்கு மட்டும் பாக்கி.