பத்து மூவ் வேண்டாம், எதிராளியின் ஒரு மூவைப் பாருங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியிலிருந்து கோவைக்குச் செஸ் போட்டிக்கு இறங்கும் பிள்ளைகளின் ஸ்கோர்ஷீட்டை (மூவ்களை எழுதும் தாள்) புரட்டினால் மறுபடியும் அதே கதைதான். கையில் இருந்த ஆட்டம், கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம், ஒரு குதிரையைச் சும்மா கொடுத்துவிட்டுத் தோல்வி. உடனே பெற்றோர் கேட்பது: "இவன் இன்னும் எத்தனை மூவ் முன்னாடி யோசிக்கணும் சார்?"

தயவுசெய்து இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். பெரிய ஆட்டக்காரர்கள் பத்து மூவ் தள்ளிப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கைதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது. டச்சு உளவியலாளர் அட்ரியன் டி குரூட், ஆட்டக்காரர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார். 1946இல் வந்த அந்த ஆய்வில், கிராண்ட்மாஸ்டர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் ஆழமாய்ப் போகவில்லை. எந்த மூவைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டென்று தெரிந்தது, அவ்வளவுதான். நம் பிள்ளைகளோ ஆறாவது மூவைத் தேடிக்கொண்டே அடுத்த மூவில் காயை இழக்கிறார்கள்.

பள்ளிப் போட்டிகளில் அடிக்கடி விழும் பொறி இது. வெள்ளை இ4, கறுப்பு இ5; வெள்ளை குதிரை எஃப்3, கறுப்பு குதிரை சி6; வெள்ளை பிஷப் சி4, கறுப்பு குதிரை டி4. இ5 சிப்பாய் காவலில்லாமல் நிற்கிறது. வெள்ளை அதைக் குதிரையால் வெட்டினால் கறுப்பு ராணி ஜி5: குதிரைக்கும் ஜி2 சிப்பாய்க்கும் ஒரே அடி. அப்போதாவது நிற்க வேண்டாமா? அதே குதிரையால் எஃப்7ஐ வெட்டி ராணிக்கும் யானைக்கும் ஃபோர்க் (ஒரே காயால் இரட்டை மிரட்டல்) போட்டுவிட்ட சந்தோஷம்! கறுப்பு ராணி ஜி2ஐ வெட்டும், வெள்ளை யானை எஃப்1, ராணி இ4ஐ வெட்டி செக், வெள்ளை பிஷப் இ2, கறுப்பு குதிரை எஃப்3 மேட். ஏழே மூவ். நாலாவது மூவில் வெள்ளை டி4 குதிரையை வெட்டியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

மூவ் முடிவானதும் கையைத் தொடைக்கு அடியில் வையுங்கள். இதை ஆடினால் எதிராளிக்கு என்ன செக் இருக்கிறது? எதை வெட்டலாம்? எதை மிரட்டலாம்? இதே வரிசையில். கூடவே, நான் நகர்த்தும் காய் இதுவரை எதற்குக் காவல் இருந்தது? பதினைந்து விநாடி போதும். தொட்டால் ஆடியே ஆக வேண்டும் என்பதால் இதெல்லாம் தொடுவதற்கு முன்பே. மூவை எழுதிவிட்டு ஆடு என்று இன்னமும் சிலர் சொல்லித் தருகிறார்கள். உலகச் செஸ் அமைப்பான ஃபிடேயின் விதியில் அதற்கு இடமில்லை, ஆர்பிட்டர் (போட்டி நடுவர்) எச்சரிப்பார். ஆடியபின் எழுதுங்கள்.

எல்லா மூவுக்கும் ஒரே நேரம் செலவழிக்காதீர்கள். தெரிந்த ஓப்பனிங்கை (தொடக்க மூவ்களை) வேகமாக ஆடலாம். காய்களை மாற்றிக்கொள்ளும்போது, சிப்பாய்கள் மோதும்போது, எதிராளி எதிர்பாராததை ஆடும்போது ஐந்து நிமிடம் உட்காருங்கள். காய் போன பிறகும்தான். கோபத்தில் ஆடும் அடுத்த மூவ் இன்னொரு காயைத் தின்னும்.

மலையிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவையும் விடியற்காலையில் இறங்கி, குமட்டலோடும் காலி வயிற்றோடும் முதல் ரவுண்டில் உட்கார்ந்தால் எந்தத் தலையும் வேலை செய்யாது. முடிந்தால் முந்தின இரவே இறங்கிவிடுங்கள். முடியாவிட்டால் ஒன்றரை மணி நேரமாவது முன்னதாகக் கீழே வந்து, இரண்டு இட்லி கொடுத்து, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள்.

தோற்று வெளியே வரும் பிள்ளையிடம் அங்கேயே போனில் எஞ்சினை (ஆட்டத்தை அலசும் செஸ் மென்பொருள்) திறந்து காட்டாதீர்கள். ஸ்கோர்ஷீட்டில் ஒவ்வொரு மூவுக்கும் பக்கத்தில் கடிகார நேரத்தைக் குறிக்கப் பழக்குங்கள், விதியே அனுமதிக்கிறது. காய் போன மூவுக்கு எத்தனை விநாடி எடுத்தான் என்று வீட்டில் அவனையே பார்க்கச் சொல்லுங்கள்.