சேர்ந்திசைப் பதிவில் பாதி கட்டடத்தின் குரல்

1888 ஜூன் 29 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்ணாடி மாளிகையில் இசையமைப்பாளர் ஹாண்டெலின் பெயரால் ஒரு விழா நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் மான்ஸ் வழிநடத்த, ஹாண்டெலின் 'எகிப்தில் இஸ்ரவேலர்' என்ற படைப்பை நாலாயிரம் பேர் சேர்ந்து பாடினார்கள். எடிசனின் பிரதிநிதியாக இங்கிலாந்தில் இருந்த கர்னல் ஜார்ஜ் கௌரோ, செய்தியாளர் மாடத்தில் போனோகிராஃப் கருவியை வைத்து அந்தப் பாட்டை மெழுகு உருளைகளில் பிடித்தார். பாடகர்களுக்கும் கருவிக்கும் இடையே நூறு கஜம் அளவுக்குத் தொலைவு. பிழைத்துவந்த உருளைகளை இன்று கேட்டால், கரகரப்புக்கு அடியில் ஒரு பெருங்கூட்டத்தின் ஒலி மெல்ல ஏறி இறங்குவது மட்டும் புலப்படும், சொற்கள் பிடிபடுவதில்லை.

நாலாயிரம் பேர் பாடியும் ஏன் இவ்வளவு மெலிவு? கருவியின் குறைபாடு ஒரு காரணம். இன்னொன்று எளிய கணக்கு. ஒரே தொலைவில் நிற்கும் பாடகர்களின் எண்ணிக்கை இரட்டித்தால் ஒலியின் அளவு 3 டெசிபல் மட்டுமே கூடும். ஒருவர் நாலாயிரம் பேரானால் கூடுவது 36 டெசிபல். மறுபுறம், தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரிலிருந்து நூறு மீட்டருக்குப் போனால் 40 டெசிபல் குறைந்துவிடும். ஆக, நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் நாலாயிரம் பேரிடமிருந்து நேராக வந்து சேரும் ஒலி, ஒரு மீட்டரில் நின்று பாடும் ஒரே பாடகரின் ஒலியைவிடச் சற்றுக் குறைவானதே. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாகச் சேர்ந்திசைப் பதிவு என்பது, சிறு குழு ஒன்று ஒலிக்குழலின் வாயை நெருக்கியடித்துக்கொண்டு பாடுவதாகவே இருந்தது. காற்றின் அதிர்வே ஊசியை நகர்த்தி மெழுகைக் கீற வேண்டியிருந்தபோது வேறு வழியில்லை.

மைக்கும் பெருக்கியும் வந்தபின் நிலைமை மாறியது. 1925 மார்ச் 31 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் 850 ஆண் பாடகர்கள் பாடியதை மின்முறையில் பதிந்து கொலம்பியா நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. அரங்கில் இருந்தவர்களும் சேர்ந்து பாடிய பக்கத்துக்கு 4,850 குரல்கள் என்று அது விளம்பரம் செய்தது. பெருங்கூட்டத்தோடு ஒரு பெரிய அரங்கமும் சேர்ந்து இசைத்தட்டில் கேட்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். சேர்ந்திசைப் பதிவின் உண்மையான வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் ஒரு பாடகர் குழுவின் ஒலி தொண்டைகளில் மட்டும் பிறப்பதில்லை. குரல்களுக்கு இடையே உள்ள சிறு வேறுபாடுகளும், அவை மோதித் திரும்பும் சுவர்களும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன.

முதலில் வேறுபாடுகளைப் பார்ப்போம். பதினாறு பேர் ஒரே சுரத்தைப் பாடும்போது எவர் குரலும் மற்றவர் குரலோடு அச்சாக ஒன்றுவதில்லை. நல்ல குழுவிலும் ஒரே பிரிவினரின் சுருதிகள் ஏறத்தாழ 10 முதல் 20 சென்ட் வரை சிதறியிருக்கும். மேற்கத்திய அரைச்சுர இடைவெளியின் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ட். 220 ஹெர்ட்ஸிலும் 221 ஹெர்ட்ஸிலும் இருவர் பாடினால் வினாடிக்கு ஒரு முறை ஒலி ஓங்கித் தாழும்; பள்ளிப் பாடநூல் இதை விம்மல் என்கிறது. பதினாறு பேர் பாடும்போது அப்படிப்பட்ட 120 இணைகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் விம்முவதாலும், ஒவ்வொருவர் குரலும் கணத்துக்குக் கணம் சற்றே அலைவதாலும், எந்த ஒரு விம்மலும் தனித்துக் கேட்பதில்லை. ஒட்டுமொத்த ஒலி ஓயாமல் மினுங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு குரலிலும் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாகச் சேர்ந்தொலிக்கும் மேற்சுரங்களில் இந்த மினுக்கம் இன்னும் வேகமானது. அடிப்படை அதிர்வெண்ணில் ஒரு ஹெர்ட்ஸ் வேறுபாடு இருந்தால், பத்தாம் மடங்கில் அது பத்து ஹெர்ட்ஸாகிவிடும். ஒரே பாடகரின் பதிவைப் பதினாறு முறை பிரதி எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தினால் கிடைப்பது பாடகர் குழு அன்று. 24 டெசிபல் உரத்த ஒரே பாடகர். உண்மையான பதினாறு பேர் தருவது 12 டெசிபல்தான். அந்த இழப்பில்தான் கூட்டத்தின் ஒலி இருக்கிறது.

இந்த வேறுபாடு எல்லை மீறாமல் இருக்கப் பாடகர் இரண்டு ஒலிகளை ஒரே நேரத்தில் கேட்டாக வேண்டும்: தன் குரலையும் மற்றவர்கள் குரலையும். ஸ்டாக்ஹோமின் கே.டி.ஹெச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரம் பல ஆண்டுகளாக இதை அளந்தார். தன் குரல் மற்றவர்களின் கூட்டொலியைவிட ஏறத்தாழ 6 டெசிபல் ஓங்கிக் கேட்பதையே பாடகர்கள் சராசரியாக விரும்புகிறார்கள் என்று அவர் ஆய்வுகள் காட்டின, ஆளுக்கு ஆள் அது வேறுபட்டாலும். அதற்குக் கீழே போனால் தன் சுருதியே தனக்குத் தெரியாமல் குரலை உயர்த்தத் தொடங்குவார்கள். அதற்கு மேலே போனால் குழுவோடு ஒட்டும் பிடி நழுவும். நெருக்கமாக நிற்பதா, ஓரடி இடைவெளி விட்டு நிற்பதா என்று குழுத்தலைவர்கள் ஒத்திகையில் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு இதுவே காரணம். ஆப்பரா பாடகர்கள் வாத்தியக் குழுவை மீறிக் கேட்பதற்காக 3,000 ஹெர்ட்ஸ் அருகே தங்கள் குரலின் ஆற்றலைக் குவிப்பார்கள். அதே பாடகர்கள் குழுவில் பாடும்போது அந்தக் குவிப்பைத் தணித்துக்கொள்கிறார்கள் என்பதும் ஸ்டாக்ஹோம் ஆய்வுகளில் வெளிப்பட்டது.

வாத்தியமே இல்லாமல் பாடும் குழுவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பதிவுக்கூடத்தில் மிகுந்த தலைவலி தருவதும் அதுவே. நம் கச்சேரியில் தம்பூரா ஓயாமல் ஆதார ஷட்ஜத்தை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. நம்மூர்த் தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஆர்கனோ கீபோர்டோ அந்த வேலையைச் செய்கிறது. துணையின்றிப் பாடும் ஐரோப்பியக் குழு முந்தைய கூட்டுச்சுரத்திலிருந்து, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்தொலித்த சுரங்களிலிருந்து, ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு இசைவாக அடுத்ததை அமைத்துக்கொண்டு போகிறது. ஷட்ஜம் 243 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 5/3 என்ற தூய விகிதத்தில் தைவதம் 405. அந்தத் தைவதத்துக்கு ஒரு பஞ்சம இடைவெளி (3/2) கீழே ரிஷபம் 270. அந்த ரிஷபத்திலிருந்து ஒரு மத்யம இடைவெளி (4/3) மேலே பஞ்சமம் 360. அதற்கு ஒரு பஞ்சம இடைவெளி கீழே மறுபடி ஷட்ஜம்: 240. ஒவ்வொரு அடியும் பிசகில்லாதது. ஆனாலும் புறப்பட்ட இடத்துக்கு 3 ஹெர்ட்ஸ் கீழே வந்து நிற்கிறோம். 81/80 என்ற இந்த இடைவெளியை நம் இசை இலக்கணத்தார் பிரமாண சுருதி என்று அறிவார்கள், அளவில் 21.5 சென்ட். இதே சுழற்சி ஐந்து முறை வந்தால் குழு அரைச்சுரத்துக்கு மேல் இறங்கியிருக்கும். இத்தாலியக் கணித அறிஞர் ஜொவான்னி பத்திஸ்தா பெனெதெத்தி இந்தப் புதிரை 16ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்; 1585இல் அது அச்சாயிற்று. யார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோவர்ட், நால்வர் குழுவைப் பாடவைத்து அளந்தபோது, ஆதார சுரம் இடையிடையே மாறிச்செல்லும் பாட்டில் பாடகர்கள் தூய இடைவெளிகளை நாடுவதால் சுருதி உண்மையிலேயே நகர்வதைக் கண்டார். களைப்பும் கவனக்குறைவும் சுருதியை இறக்குவது உண்டுதான். ஆயினும் குழு கீழே போனால் காது மோசம் என்று உடனே முடிவுகட்டுவது அநியாயம். காது மிக நன்றாக இருப்பதாலும் அப்படி நேரலாம்.

இனிக் கட்டடம். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் உட்புறம் 88 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 24 மீட்டர் உயரம். கல்லால் ஆன விசிறிக் கூரை. பாட்டு நின்றபிறகும் நான்கு வினாடிக்கு மேல் ஒலி சுற்றிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் பாடகருக்கு அருகே நேரொலி ஓங்கியிருக்கும்; விலகிச்செல்லச் செல்ல அது குறையும்; ஆனால் சுவர்களிலிருந்து திரும்பிவரும் எதிர்முழக்கம் கட்டடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கும். இரண்டும் சமமாகும் தொலைவைக் கணிக்க ஓர் எளிய வாய்பாடு உண்டு: கட்டடத்தின் கன அளவைக் கன மீட்டரிலும், ஒலி அடங்க எடுக்கும் முழக்க நேரத்தை வினாடியிலும் எடுத்து, முதலதை இரண்டாவதால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 0.057ஆல் பெருக்க வேண்டும். 25,000 கன மீட்டருக்கும் நாலரை வினாடிக்கும் வருவது நான்கு மீட்டர் சொச்சம். அவ்வளவு பெரிய கட்டடத்தில் பாடகரின் வாயிலிருந்து நாலு மீட்டர் தள்ளி நின்றாலே, நாம் கேட்பதில் பாதி கட்டடத்தின் ஒலி.

பதிவுப் பொறியாளர் முதலில் தீர்மானிக்க வேண்டியது அந்தத் தொலைவைத்தான். மைக்கை நெருக்கி வைத்தால் சொற்கள் தெளியும், ஆனால் குழு உடைந்து தனித்தனிக் குரல்களாகச் சிதறும். விலக்கி வைத்தால் குரல்கள் கலக்கும், மெய்யெழுத்துகள் கரையும். இதற்கு அடுத்ததே ஸ்டீரியோ எனப்படும் இடம்வலப் பிரிவு. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையில் இரண்டு மைக்குகள் ஒரே புள்ளியில் குறுக்காக நிற்கும். திசை, ஒலியளவின் வேறுபாட்டால் மட்டும் தெரியும். டெக்கா நிறுவனத்தார் 1950களில் உருவாக்கிய 'டெக்கா மரம்' மூன்று மைக்குகளை இரண்டு மீட்டர் அளவில் பரப்பி வைப்பது. ஒலி வந்துசேரும் நேர வேறுபாடும் சேர்வதால் இடம் விரிந்து கேட்கும். பாடகர் குழுவுக்கு இரண்டாவது வகையே பொருந்தும் என்பது என் காதின் தீர்ப்பு. ஒவ்வொரு மைக்கும் விம்மல்களை வெவ்வேறு கட்டத்தில் பெறுவதால், முன்னே சொன்ன மினுக்கம் இரு காதுக்கும் இரு விதமாக வந்துசேர்கிறது.

தொலைவையே இசையாக்கிய பதிவு ஒன்று உண்டு. இத்தாலிய இசையமைப்பாளர் அல்லெக்ரியின் 'மிசெரேரே' என்ற தேவாலயப் பாடல் இரண்டு குழுக்கள் மாறி மாறிப் பாடுவது. டாலிஸ் ஸ்காலர்ஸ் குழு 1980இல் ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரித் தேவாலயத்தில் அதைப் பதிந்தபோது, உச்சசுரம் பாடும் சிறு குழுவைப் பெருங்குழுவிலிருந்து விலக்கி நிறுத்தினார்கள். அந்தச் சிறு குழுவின் குரலில் நேரொலியைவிட எதிர்முழக்கமே மிகுதி; அதனால் உச்சசுரம் எங்கிருந்தோ வருவதாகத் தோன்றுகிறது. அந்த விலகலைக் கருவியால் கூட்டவில்லை. அவர்கள் நின்ற இடமே அதைத் தந்தது.

ஒட்டுவேலை அடுத்த கட்டம். இசைத்தட்டில் கேட்கும் ஆறு நிமிடப் பாட்டு, பல முறை பாடியவற்றிலிருந்து எடுத்த துண்டுகளைச் சேர்த்தது. நான்கு வினாடி முழங்கும் கட்டடத்தில், பிழை நேர்ந்த சுரத்திலிருந்தே மறுபடி பாடச் சொன்னால் பயனில்லை: அதற்கு முந்தைய கூட்டுச்சுரத்தின் முழக்கம் புதிய துண்டில் இருக்காது, ஒட்டிய இடத்தில் கட்டடம் திடீரெனக் காலியாகிவிடும். ஆகவே இரண்டு மூன்று வரி முன்னாலிருந்து பாடச் சொல்வார்கள். சுருதி நகர்வும் இங்கேதான் இடறும். முதல் துண்டு 15 சென்ட் இறங்கி முடிந்து, அடுத்தது சரியான சுருதியில் தொடங்கினால் எந்தக் காதுக்கும் தட்டுப்படும். கணினியில் சுருதியை ஏற்றலாம்தான். அப்போது குரலோடு சேர்ந்து கட்டடத்தின் முழக்கமும் ஏறும்.

பாடகர்களை ஓரிடத்தில் சேர்க்காமலே குழுவை உருவாக்கும் முயற்சியும் நடந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேர் தனித்தனியே அனுப்பிய காணொளிகளை ஒரே பாட்டாக இணைத்தார். பெருந்தொற்றுக் காலமான 2020இல் அந்த எண்ணிக்கை 129 நாடுகளைச் சேர்ந்த 17,572ஆக உயர்ந்தது. மனத்தைத் தொடும் முயற்சி அது. ஆனால் ஒவ்வொருவரும் காதில் ஒலித்த வழிகாட்டிப் பதிவுக்கு இசைந்தார்களே தவிர, ஒருவருக்கொருவர் இசையவில்லை. மேடையில் பத்து மீட்டர் இடைவெளியை ஒலி கடக்க 29 மில்லிவினாடி ஆகும். இணையத்தின் தாமதம் பெரும்பாலும் அதை மிஞ்சுவதால், நேரடியாகச் சேர்ந்து பாடுவது அரிதாயிற்று.

கட்டடத்தைப் பின்னர் சேர்ப்பது எவ்வளவு தூரம் இயலும் என்பதற்கு ஹாகியா சோஃபியா ஆய்வு விடை தருகிறது. இஸ்தான்புல்லின் அந்தப் பழம்பெரும் கட்டடம் அருங்காட்சியகமாக இருந்தபோது அங்கே பாட அனுமதி இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாளர் பிஸ்ஸெரா பெஞ்செவாவின் முயற்சியில் 2010இல் அங்கே பலூன்களை வெடித்துப் பதிந்தார்கள். வெடிப்பு ஒரு கணம். அதற்குக் கட்டடம் தந்த பதில் பத்து வினாடிக்கு மேல். பாடகரின் ஒலியை மிகச் சிறு வெடிப்புகளின் தொடராகக் கருதினால், ஒவ்வொரு வெடிப்புக்கும் அந்தப் பதிலை அதனதன் அளவுக்கு ஏற்றிக் கூட்டினாலே, அவர் ஹாகியா சோஃபியாவில் பாடினால் என்ன கேட்குமோ அது கிடைக்கும். வினாடிக்கு 48,000 மாதிரிகள், 11 வினாடி முழக்கம் என்று கொண்டால், இதை நேரடியாகச் செய்ய வினாடிக்கு 2,500 கோடிக்கு மேற்பட்ட பெருக்கல்கள் தேவை; ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறை அதை வெகுவாகக் குறைக்கிறது. ஜொனதன் ஏபலும் அவர் சக ஆய்வாளர்களும் இந்தக் கணக்கைப் பாடும்போதே நடக்கும்படி அமைத்தார்கள். கப்பெல்லா ரொமானா குழு அந்த முழக்கத்தைக் காதில் கேட்டுக்கொண்டே பாடிய பைசாந்தியப் பாடல்கள் 2019இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

இதில் முக்கியமானது கணினியின் வேகம் அன்று. முழக்கத்தைப் பின்னர் பூசியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டடம் காதில் ஒலிக்கும்போதுதான் பாடகர்கள் சொற்றொடர்களுக்கு இடையே காத்திருக்கிறார்கள், நடையைத் தளர்த்துகிறார்கள், அடிநாதமாக நீடிக்கும் சுரத்தைத் திரும்பிவரும் முழக்கத்தோடு பொருத்திப் பிடிக்கிறார்கள். முன்பே வறண்ட அறையில் பாடி முடித்துவிட்ட குரலுக்கு எந்த முழக்கத்தைச் சேர்த்தாலும் இந்த மாற்றங்கள் வந்துவிடா.