அதிகார வர்க்கமா, மேசையாட்சியா?

கோவையில் உலகப் படம் திரையிடும் இடங்களில் தருகிற அறிமுகத் தாள்களில் ‘முகமற்ற அதிகார வர்க்கத்திடம் சிக்கிய தனிமனிதனின் அபத்தக் கதை’ என்கிற மாதிரி ஒரு வரி அடிக்கடி வருகிறது. ஈரோட்டிலும் திருப்பூரிலும் படம் பற்றிப் பேசுகிறவர்கள் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். பியூரோக்ரசி (bureaucracy) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அப்படி அதிகார வர்க்கம் என்று மொழிபெயர்க்கிறார்கள். அது பொருந்தாத சொல். படத்தையே தப்பாகப் பார்க்க வைக்கிற சொல்.

பியூரோ பிரெஞ்சுச் சொல். முதலில் மேசைமேல் விரிக்கும் முரட்டுக் கம்பளித் துணி, அப்புறம் அந்த மேசை, அப்புறம் மேசை கிடக்கும் அலுவலகம். க்ரசி கிரேக்க வழி வந்தது, ஆட்சி என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் வின்சென்ட் த குர்னே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டையும் ஒட்டினார் என்பார்கள். ஆக, மேசையின் ஆட்சி.

இதில் வர்க்கம் எங்கிருந்து வந்தது? உழைக்கும் வர்க்கம், ஆளும் வர்க்கம் என்று பஞ்சாலைத் தொழிற்சங்க மேடைகளில் புழங்கிய சொல் அது. அங்கே அது சரியான சொல். வர்க்கம் என்றால் ஆட்கள் உண்டு, சொத்து உண்டு, எதிர்த்து நிற்க ஓர் எதிரி உண்டு. இந்தப் படங்களில் அப்படி யாருமே இல்லை என்பதுதானே கொடுமை! இயக்குநர் டெர்ரி கில்லியமின் ‘பிரேசில்’ (1985) படத்தில், அரசாங்க ஆணையை அச்சடிக்கும் இயந்திரத்துக்குள் ஒரு பூச்சி விழுகிறது. பெயரில் ஓர் எழுத்து மாறி, சம்பந்தமில்லாத ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நாயகன் அதே அரசாங்கத்தில் வேலை பார்க்கும் எளிய ஊழியன். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘இகிரு’ (1952) நாயகனும் நகராட்சியில் ஒரு பிரிவின் தலைவர். சாக்கடைக் குட்டையை மூடிப் பூங்கா கேட்டு வரும் பெண்களை அவருடைய அலுவலகம்தான் துறை துறையாக அலையவிடுகிறது. சிக்கியவரும் சிக்கவைத்தவரும் ஒருவரே என்றால் எந்த வர்க்கம் யாரை ஒடுக்கியது?

கியூபா இயக்குநர் குத்தியெரெஸ் ஆலேயா 1966இல் எடுத்த படத்தில், இறந்த தொழிலாளியைச் சங்க அட்டையோடு புதைத்துவிடுகிறார்கள். அந்த அட்டை இல்லாமல் மனைவிக்கு ஓய்வூதியம் கிடையாது. உறவுக்காரப் பையன் சவத்தைத் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்துவிடுகிறான். திரும்பப் புதைக்க வழியில்லை, ஏனென்றால் தோண்டியதற்குக் காகிதம் இல்லை. இதில் மேசைகள் இருக்கின்றன, வர்க்கம் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது மொழிபெயர்ப்பாளர்களைவிட நன்றாகத் தெரியும். கொங்கில் மணியகாரர், அதாவது அந்தக்காலக் கிராம அதிகாரி, என்றால் ஆள். அவர் வீடு தெரியும், கோபம் தெரியும், நேரில் போய்ச் சண்டை போடலாம். பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை 1980இல் ஒழிந்தது, அது ஒழிய வேண்டியதுதான். ஆனால் இன்று தாலுகா ஆபீசில் பட்டா மாறுதலுக்கு நிற்கிறவரிடம் “அந்த ஸீட்டுல கேளுங்க” என்கிறார்கள். “ஃபைல் இன்னும் டேபிள விட்டு நகரலீங்க” என்கிறார்கள். ஆளைச் சொல்வதில்லை, மேசையைத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் சொன்னதும் இதுவே.

அதனால் மேசையாட்சி என்பேன். முடியாட்சி, மக்களாட்சி என்று ஏற்கெனவே இருக்கும் வரிசையில் அது தானாகப் போய் உட்காருகிறது. புதுசாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மக்களாட்சியும் ஒருநாள் புதுச்சொல்தான். ‘சிவப்பு நாடா’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது காகிதக் கட்டைக் கட்டிய நாடா, தாமதத்துக்கான பெயர். மேசையாட்சி வேகமாகவும் நடக்கும். ‘பிரேசில்’ படத்தில் கைது ஒரு நொடியில் முடிகிறது.

‘முகமற்ற’ என்பதையும் விட்டுவிடலாம். ‘பேர் ஊர் தெரியாத’ என்றாலே நமக்குப் புரியும். அதிகாரிகளைக் கூட்டமாகக் குறிக்க வேண்டுமானால் அதிகாரிகள் என்றே எழுதலாம், அதற்கு எதற்கு வர்க்கம்? அகராதியில் முதலில் கண்ணில் படுவதை அப்படியே எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள், படத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு அறிமுகம் எழுதட்டும்.